பதிலை வெட்டிய பாட்டு

பிப்ரவரி 3

அன்பு மருமகனுக்கு அத்தை எழுதுவது.

நான் இருக்கிறேன். வேலை முடிந்து வந்தால் கால் வீங்குகிறது, படுத்தால் வடிகிறது, வேறொன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? அண்ணனுக்கு மூட்டுவலி குறைந்ததா? அண்ணி கண்ணுக்குச் சொட்டு மருந்து மறக்காமல் விடுகிறாளா?

போன் இருக்கிற காலத்தில் அத்தை எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் கூப்பிட்டால், "அப்புறம் கூப்பிடறேன் அத்தை, ஸ்டுடியோல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். உன் வேலை அப்படி, குறை சொல்லவில்லை. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்தால் விட்ட இடத்திலிருந்து பேசும். எட்டாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு பொருள் கேட்கத்தான் எழுதுகிறேன். உன் அத்தை மகள் குரல்.

நாங்கள் இரண்டு பேரும் எப்படிப் பதிவு செய்வோம் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. ஊரில் பொம்பளையைப் பார்த்து யார் என்ன ஏசினாலும் அதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவாள். பஸ்ஸில் இடிக்கிறவன் சொன்னது, வாடகைக்கு வீடு தர மறுத்தவன் சொன்னது, கடைக்காரன் சொன்னது. "அம்மா, இதை நீ சொல்லு. நான் பதில் சொல்றேன்" என்பாள். தெருச் சத்தம் விழக்கூடாது என்று இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் புகுந்துகொள்வோம். நடுவில் போன். வேர்த்து ஊற்றும். நான் ஏசுவேன், அவள் ராப்பில் பதில் கொடுப்பாள். "உனக்கு வில்லன் வேஷம்தாம்மா பொருத்தம்" என்பாள். "உன்னைப் பெத்தேனே, அப்பவே வில்லனாயிட்டேன்" என்பேன். போர்வை குலுங்கும்.

கடைசியாக ஒரு வசவு கொண்டுவந்தாள். "வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போடி." யார் சொன்னதுடி என்று கேட்டேன். "ஒருத்தன்" என்றாள். அதற்குமேல் வாயைப் பிடுங்க முடியவில்லை. நான் சொன்னேன், அவள் பதில் சொன்னாள். மறுநாள் அதை உனக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அந்த மழையும் அந்தத் தண்ணீர் லாரியும். அவளும் போனாள், போனும் தூளாகிவிட்டது. நாங்கள் செய்த மற்ற பதிவெல்லாம் அதோடு போயிற்று. அந்த ஒன்று மட்டும் உன்னிடம் இருக்கிறது. என் குரல் எனக்கு வேண்டாம், அது என் தொண்டையில் இருக்கிறது. அவள் பதில் வேண்டும். அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அத்தை


பிப்ரவரி 24

அத்தைக்கு வணக்கம்.

நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி அப்படியேதான், அம்மாவுக்குக் கண் பரவாயில்லை. உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அழுகை வந்துவிட்டது.

ஊசி மாதிரி எழுதுகிற பெண் இங்கே யாரும் இல்லை அத்தை. ஊசி என்று பேர் வைத்துக்கொண்டது சரிதான், சின்னதாக இருப்பாள், குத்தினால் ரத்தம் வரும். அவளை நினைக்காத நாள் இல்லை.

நீங்கள் கேட்டதைக் கண்டிப்பாக அனுப்புகிறேன். என் பழைய கம்ப்யூட்டர் பழுதாகிக் கடையில் கிடக்கிறது, வந்ததும் முதல் வேலை அதுதான். இப்போது அண்ணனோடு ஒரு பெரிய பாட்டு செய்துகொண்டிருக்கிறேன். எந்த அண்ணன் என்று உங்களுக்கே தெரியும், எப்போதும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டிவியில் வருவாரே, அவர்தான். இது ஓடினால் என் வாழ்க்கையே மாறிவிடும். உங்களுக்கும் அதில் ஒரு இன்ப அதிர்ச்சி இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன்.

காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துத் தூங்குங்கள்.

உங்கள் மருமகன்
டப்பா


மார்ச் 15

அன்பு மருமகனுக்கு அத்தை எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நீ சொன்னபடி தலையணை வைத்துப் படுக்கிறேன். வீக்கம் குறைந்து இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒன்றை விட்டால் ஒன்று. நீ சுகமாக இரு.

டப்பா என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய், படித்ததும் சிரிப்பு வந்தது. என் அடுக்களையில் காலி டப்பா ஒன்று விடமாட்டாயே, எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துத் தட்டித் தட்டி நெளித்துவிடுவாய். அப்போது அவள் உனக்கு வைத்த பேர். இன்றைக்கு அது போஸ்டரில் வருகிறதாம். நல்லது.

கம்ப்யூட்டர் வந்துவிட்டதா? அவசரப்படுத்தவில்லை. ஆனால் ஒன்று நடக்கிறது, அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற பகுதிக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். பெட்ஷீட்டை ஒருத்தி மடிக்க முடியாது. இந்த முனையை நான் பிடிப்பேன், அந்த முனையைக் கட்டை பிடிப்பாள். கட்டை என்பது அவள் பேர் இல்லை, ஆள் உயரம் அப்படி. உதறி, இழுத்து, நடந்து வந்து ஒருத்தர் கையில் ஒருத்தர் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளத்தில் அவள் பதிலின் முதல் வரி தானாக வந்தது.

"போறேன், போறேன், வீட்டுக்குப் போறேன்."

அதற்கப்புறம் வரவில்லை. என் ஏசல் மறக்கவில்லை பார், அட்சரம் பிசகாமல் நிற்கிறது. அவள் பதில் மறந்துவிட்டது. பெற்றவள் நான். அவள் பேசுகிற வேகத்துக்கு எனக்கு அன்றைக்கே பாதி புரியவில்லை. நிதானமாக இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அவளைப் போர்த்தின துணியும் எங்களிடம்தான் துவைக்க வந்திருக்கும். எது என்று தெரியவில்லை. எல்லாம் வெள்ளை.

இரண்டாவது வரி என்ன என்று மட்டுமாவது எழுது.

உன் அத்தை


ஏப்ரல் 19

மருமகனுக்கு அத்தை எழுதுவது.

உன்னிடமிருந்து தபால் இல்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று நேற்று தெரிந்துகொண்டேன்.

இஸ்திரி அறையில் ஒரு ரேடியோ இருக்கிறது. நீராவிச் சத்தத்தில் பாதி பாட்டு காதில் விழாது. நேற்று விழுந்தது. யாரோ ஒருத்தி, "வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போடி" என்று கத்தினாள். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று நினைத்தேன். சொந்தக் குரல் வெளியிலிருந்து வந்தால் சட்டென்று அடையாளம் தெரியாது. கட்டைதான், "ஏய், இது நீதானேடி?" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன் பாடினான். பெண்ணைப் பற்றி அவன் பாடினதை இந்தக் காகிதத்தில் எழுத மாட்டேன். நாலு வரிக்கு ஒரு தரம் நான் வந்து கத்துகிறேன். மறுபடி அவன். மறுபடி நான். நடுவில் ஒரு பெண் சிரிப்பு வருகிறது, அது யாருடையதோ, சிரிப்பு மட்டும். அவள் வருவாள் வருவாள் என்று பெட்ஷீட்டைக் கையில் பிடித்தபடி பாட்டு முடியும்வரை நின்றேன். வரவே இல்லை.

இஸ்திரிக்காரிகள் எல்லாரும் கைதட்டினார்கள். "அடியம்மா, எங்க கூடவே ஒரு ஸ்டார் இருந்திருக்காளே!" என்றாள் ஒருத்தி. "இனி இவ பெட்ஷீட் மடிக்க மாட்டா, வாயைத் திறந்தா காசு" என்றாள் இன்னொருத்தி. நல்ல மனசோடுதான் சொன்னார்கள்.

கம்ப்யூட்டர் கடையில் இல்லை. அந்தப் பதிவு உன் கையில்தான் இருந்தது. என்னை எடுத்துக்கொண்டு அவளை வெட்டியிருக்கிறாய். ஏன்?

அத்தை


மே 2

அத்தைக்கு வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது?

உங்களுக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், தப்புத்தான். இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். உங்கள் குரலை அண்ணனுக்குப் போட்டுக் காட்டினதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இதுதான்டா பாட்டு, மத்ததெல்லாம் சும்மா" என்றார். இன்றைக்கு ஊர் பூராவும் உங்கள் குரல்தான் அத்தை. ஆட்டோவில், கல்யாண மண்டபத்தில், பள்ளிக்கூடப் பையன்கள் வாயில். எத்தனை பேருக்கு இது கிடைக்கும்?

ஹிப்ஹாப் எப்படி என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். அதில் பெண்ணைத் திட்டினால் நிஜமாகத் திட்டுகிறதாக அர்த்தம் இல்லை. அது ஒரு கெத்து. கேட்கிறவர்களுக்கு அது தெரியும். பெண்களே ஆடுகிறார்கள். மேடைக்கு முன்னால் வந்து பாருங்கள், முதல் வரிசை முழுக்கப் பெண்கள்தான்.

ஊசியின் பகுதியை வைக்கத்தான் பார்த்தேன். பாட்டு மூன்று நிமிடம். இடம் இல்லை. அது வேறு வேகம், இது வேறு வேகம், ஒட்டவில்லை. பாட்டின் கீழே "நன்றி: அத்தை" என்று போட்டிருக்கிறேன். பார்த்தீர்களா?

பதிவைத் தேடி எடுத்து அனுப்புகிறேன்.

டப்பா


மே 20

மருமகனுக்கு அத்தை எழுதுவது.

நான் இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

நன்றி என்று போட்டிருப்பதைக் கட்டை தன் போனில் காட்டினாள். எறும்பு மாதிரி எழுத்து. அதிலும் அவள் பேர் இல்லை.

யாரும் நிஜமாகத் திட்டுகிறதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் ஸ்டுடியோவுக்கு ஜன்னல் கிடையாது என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். அதனால் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை டிராலியோடு வார்டுக்குப் போனேன். நர்ஸ் படிப்புக்கு வந்திருக்கிற பெண் ஒருத்தி, சின்னப் பெண், பெரிய டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போது கூட நின்றாள். "சார், இந்த மருந்து இவருக்கு ஏற்கனவே ஒத்துக்கலைன்னு எழுதியிருக்கு சார்" என்றாள். அவள் சொன்னது சரி. டாக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் பின்னாலிருந்து வார்டுபாய் ஒருத்தன் போனைத் தட்டினான். "வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போடி." எல்லாரும் சிரித்தார்கள். படுத்திருந்த நோயாளிகூடச் சிரித்தான், அவனுக்காகத்தான் அந்தப் பெண் பேசினாள். டாக்டரும் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அந்தப் பெண் முகம் சிவந்து சுற்றிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். 'சிரிக்காதீங்கடா' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அதே குரல் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அழுக்குத்துணியை அள்ளிப் போட்டுக்கொண்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். பார்த்தாயா, உன் பாட்டு முதலில் மூட வைத்தது என் வாயைத்தான்.

நாங்கள் போர்வைக்குள் செய்ததை நீ புரிந்துகொள்ளவில்லையா? இல்லை, புரிந்துதான் செய்தாயா? நான் ஏசுவது அவள் பதில் சொல்லத்தான். விறகு அடுக்குவது அடுப்பு எரியத்தான். நீ விறகை எடுத்து ஆளை அடித்திருக்கிறாய்.

இடம் இல்லை என்கிறாய். நடுவில் வருகிற அந்தப் பெண் சிரிப்பை எடுத்தால் இடம் வரும். அவள் பதிலைப் பாட்டில் போடு. அதில் அவள் பேரைப் போடு. இது முடியாது என்றால் பதிலை எனக்கு அனுப்பு. இரண்டில் ஒன்று.

இன்னொரு துண்டு ஞாபகம் வந்தது. "காத்து என்னோடது" என்று ஒரு இடத்தில் வரும். யாரிடம் சொல்கிறாள்?

அத்தை


ஜூலை 6

அத்தைக்கு வணக்கம்.

எழுதத் தாமதமாகிவிட்டது, ஊர் ஊராக நிகழ்ச்சி. அப்பா உங்களை விசாரித்தார். கால் வீக்கம் எப்படி?

நல்ல சேதி. அடுத்த மாதக் கடைசியில் பெரிய மைதானத்தில் அண்ணனின் நிகழ்ச்சி. இதுவரை இவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் நான் வாசித்ததில்லை. பாட்டின் நடுவே அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரையே மேடைக்கு வரவைக்க வேண்டும் என்று அண்ணன் ஆசைப்படுகிறார். நீங்கள் வந்து அந்த ஒரு வரியைச் சொன்னால் போதும். கார் அனுப்புகிறோம். உங்களை ராணி மாதிரி நடத்துவார்கள்.

நான் உங்களை அழைத்து வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் அடுத்த மூன்று பாட்டும் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. மறுக்காதீர்கள். அந்தப் பதிவையும் அன்றைக்கு உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.

நீங்கள் கேட்ட துண்டு எனக்கும் சரியாக ஞாபகம் இல்லை.

டப்பா


ஜூலை 14

மருமகனுக்கு அத்தை எழுதுவது.

வருகிறேன். ஆனால் பதிவு முதலில் வர வேண்டும். கடையில் சாமானைப் பார்க்காமல் காசு கொடுக்கிறவள் இல்லை உன் அத்தை.

பதிவு வந்தால் நான் வருவேன். வராவிட்டால் உன் கறுப்புக் கண்ணாடிக்காரனையே புடவை கட்டிக்கொண்டு கத்தச் சொல்.

கால் வீக்கம் இருக்கிறது.

அத்தை


ஆகஸ்ட் 11

அத்தைக்கு,

இதோடு ஒரு சின்ன மெமரி கார்டு வைத்திருக்கிறேன். யாருடைய போனில் போட்டாலும் கேட்கும். முழுதாக இருக்கிறது, எதையும் வெட்டவில்லை.

தனியாக இருக்கும்போது கேளுங்கள். கேட்ட பிறகும் வருவதாக இருந்தால் வாருங்கள்.

அப்பாவிடம் இதைப் பற்றி எதுவும் பேச வேண்டாம்.

டப்பா


செப்டம்பர் 8

டப்பாவுக்கு,

நீ சுகமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. அண்ணனுக்கு மூட்டுவலி எப்படி என்பதை அண்ணனிடமே கேட்டுக்கொள்கிறேன்.

கார்டைக் கட்டை தன் போனில் போட்டு, எதை அமுக்க வேண்டும் என்று காட்டிவிட்டு வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் கொளுத்துகிற மத்தியானம். அந்தப் பழைய போர்வையை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு கேட்டேன்.

முதலில் என் குரல். பாட்டில் வருகிறது அது இல்லை, அதற்கு முன்னால் ஒரு தரம் சொன்னது. அப்படி ஒன்று சொன்னதே எனக்கு மறந்துபோயிருந்தது. அதைக் கேட்டுவிட்டு அவள் சிரிக்கிறாள். "அம்மா, அப்படி இல்லம்மா. நீ சொன்னா பாசமா இருக்கு. சாப்பிடக் கூப்பிடற மாதிரி இருக்கு. அவன் என் முகத்துக்கு நேரா கதவைச் சாத்திக்கிட்டே சொன்னான். நீ இன்னும் கேவலமா சொல்லு." அப்புறம்தான் நான் கேவலமாகச் சொல்கிறேன். நீ எடுத்துக்கொண்டது அதை.

அப்புறம் அவள். கேட்கக் கேட்க நிறுத்தி நிறுத்தி எழுதிவைத்தேன். உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் உன் கண்ணில் மறுபடி படட்டும்.

போறேன், போறேன், வீட்டுக்குப் போறேன்
போற வழியெல்லாம் பேசிட்டே போறேன்
மூடச் சொன்ன வாய்க்கு மூடியே இல்ல
மூடி வெச்சுப் பழக நான் டப்பாவும் இல்ல
மாமன் மகனே, மைக்கை நீட்டினே
பாட்டில என் பேர் கேட்டேன், பல்லைக் காட்டினே
சிரிக்க ஒரு பொண்ணு, சிணுங்க ஒரு பொண்ணு
சொல்ல வந்தவளுக்குச் சாத்தின கதவு
கதவு உன்னோடது, காத்து என்னோடது
காதை மூடிக்கோ, வாய் என்னோடது

யார் சொன்னதுடி என்று நான் கேட்டபோது "ஒருத்தன்" என்றாள். அம்மாவின் அண்ணன் மகனைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் ஒருத்தன் என்றாள். நீ சொன்ன வசவை என் வாயில் வைத்தாள். என்னைச் சொல்லவிட்டு அவள் பதில் சொன்னாள். அதை உனக்கே அனுப்பினாள், உனக்கு உறைக்கட்டும் என்று. உனக்கு உறைக்கவில்லை. நீ சொன்ன வசவையே என் குரலில் திருப்பி எடுத்து, அவள் போனபிறகு ஊருக்கு விற்றாய். அவள் வைத்த பேரைப் போஸ்டர் போஸ்டராக ஒட்டிக்கொண்டாய். அவள் பேரைப் போடக் கேட்டதற்குக் கதவைச் சாத்தினாய்.

இவ்வளவும் தெரிந்துதான் மேடைக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று நீ கேட்கவில்லை. காரில் வந்து இறங்கினதும் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என் செருப்பைப் பார்த்துக்கொண்டே, "பிரயாணம் சௌகரியமா இருந்துச்சா அத்தை?" என்றாய். நான் ஒன்றும் திட்டவில்லை. "நான் என் வரியைச் சொன்னதும் நீ அவ பதிலைப் போடு. ஒரே ஒரு தடவை. அந்த மைதானம் அவ குரலைக் கேட்கட்டும். அதோட உனக்கும் எனக்கும் சரி" என்றேன். "பார்க்கலாம் அத்தை" என்றாய். மாட்டேன் என்று சொல்லவில்லை. தலையையும் ஆட்டினாய்.

மேடையில் நீயும் இருந்தாய். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன். அந்தக் கண்ணாடிக்காரன், "அம்மா வாங்க, அம்மா வாங்க" என்று கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தான். அம்மாவை மேலே ஏற்றினான், மகளைத் திட்டச் சொன்னான். சிரிப்பு வரட்டும் என்று யாரோ என் கையில் ஒரு துடைப்பத்தைத் திணித்தார்கள். அதைக் கீழே வைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் முதல் வரிசை தெரிந்தது. நீ எழுதினது பொய் இல்லை, பெண்பிள்ளைகள்தான். என் வரியை எனக்கு முன்னாலேயே கத்திக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி கையைப் போட்டுக்கொண்டு.

மைக் கொடுத்தான். சொன்னேன். கேவலமாகச் சொல்லவில்லை. முதல் தரம் போர்வைக்குள் சொன்னேனே, அப்படிச் சொன்னேன். சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. அவர்கள் காத்திருந்த சத்தம் அது இல்லை. கூட்டம் ஒரு மாதிரி அடங்கிவிட்டது. நான் உன் பக்கம் திரும்பினேன்.

போர்வைக்குள் எப்போதும் அப்படித்தான். நான் சொல்லிவிட்டு மூச்சை அடக்கிக் காத்திருப்பேன், அவள் ஆரம்பிப்பாள். அப்படியே நின்றேன். உன் விரல் அந்த மேசைமேல் தூக்கினபடி இருந்தது. அவள் குரல் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு பொத்தான்தான்டா. கண்ணாடிக்காரன் திரும்பி உன்னைப் பார்த்தான். நீ அவனைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை.

நீ அமுக்கினது வேறு பொத்தான்.

என் அந்தக் கேவலமான குரல் மைதானம் பூராவும் வெடித்தது. பெண்பிள்ளைகள் துள்ளினார்கள். "மைக் உன் கையிலதானே இருந்துச்சு, நீயே பதிலைச் சொல்லியிருக்கலாமே" என்று திரும்பி வந்தபிறகு கட்டை கேட்டாள். மேடையில் வாயைத் திறக்கத்தான் திறந்தேன். இரண்டாவது வரியில் மூச்சு முட்டிவிட்டது. அவள் வேகம் எனக்கு இல்லை. மூன்றாவது வரிக்குள் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு கும்பிட்டு இறக்கிவிட்டார்கள். இறங்கும்போது கண்ணாடிக்காரன் கைதட்டச் சொன்னான். தட்டினார்கள்.

திரும்பி வரும்போது காரோட்டி கேட்டான், "அந்தப் பாட்டுல வர்ற அம்மா நீங்கதானாமே?" இல்லை என்றேன்.

இனி இந்த விலாசத்துக்கு எழுதாதே. நீ இப்போது எழுதுகிற எதற்கும் நான் காத்திருக்கவில்லை.

இங்கே ரேடியோ அதே இடத்தில்தான் இருக்கிறது. பகலில் எப்படியும் ஒரு தரமாவது உன் பாட்டைப் போடுகிறார்கள். அணைக்கட்டுமா என்று கட்டை கேட்டாள், வேண்டாம் என்றேன். ரேடியோவில் நான் ஏசுவேன். பெட்ஷீட்டின் இந்த முனையைப் பிடித்துக்கொண்டு நானே பதில் சொல்கிறேன். கட்டை அந்த முனையை இழுத்துத் தாளம் கொடுக்கிறாள். முதலில் மற்றவர்கள் சிரித்தார்கள். நேற்று இஸ்திரிப் பக்கமிருந்து ஒருத்தி, "அந்த நாலாவது வரி என்னக்கா?" என்றாள். சொன்னேன்.

இன்னும் முழுசாக வரவில்லை. நேற்று "மாமன் மகனே" வரைக்கும் வந்தேன், அதற்குள் உன் பாட்டு முடிந்துவிட்டது. கிழட்டு நுரையீரல், நீராவி வேறு. ஆனாலும் நீங்கள் அந்தப் பாட்டை நிறுத்தப்போவதில்லை. நானும் நிறுத்தப்போவதில்லை. ஒரு நாள் அது முடிவதற்குள் நான் முடித்துவிடுவேன்.

ஊசியின் அம்மா